இயற்கை வளங்களின் அரசியலை ஆராயும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழல் ஆளுகை, வளங்களின் புவிசார் அரசியல் என்று பெயர் போட்டுக்கொள்ளும் ஆய்வுத்துறைக்குள் வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமானவை, சில இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆலோசனை சொல்லும் இடங்களில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையில் எதை ஆராய்கிறார்கள்?

ஒரு உதாரணத்தோடு ஆரம்பிப்பது சுலபம். காற்றாலை, மின்கார், ஏவுகணை என்று பலவற்றில் இருக்கும் வலுவான காந்தங்களுக்கு நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள் வேண்டும். 1960களிலிருந்து 1980கள் வரை இவற்றை உலகுக்குப் பெருமளவில் கொடுத்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மவுன்டன் பாஸ் சுரங்கம். 1990களில் அந்தச் சுரங்கத்தின் கழிவுநீர்க் குழாய் அடிக்கடி உடைந்து, கதிரியக்கப் பொருள் கலந்த நீர் பாலைவனத்தில் கசிந்தது. விசாரணை வந்தது, அபராதம் வந்தது, சுத்தம் செய்யும் செலவு வந்தது. அதே சமயத்தில் சீனாவிலிருந்து மலிவான சரக்கும் சந்தையில் குவிந்துகொண்டிருந்தது. 2002இல் சுரங்கம் மூடப்பட்டது.

உற்பத்தி நின்றுவிடவில்லை, இடம் மாறியது. உள் மங்கோலியாவின் பாயன் ஓபோ சுரங்கமும் அதற்குத் தெற்கே பாவ்டோ நகரின் ஆலைகளும் உலகத் தேவையின் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டன. கழிவும் அங்கேயே போய், பாவ்டோவுக்கு வெளியே பெரிய கழிவுக் குளமாகத் தேங்கியது. பிறகு 2010 செப்டம்பரில், ஜப்பான் நிர்வகிக்கும், சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் தலைவரை ஜப்பான் கைது செய்தது. சில நாட்களில், ஜப்பானுக்குப் போக வேண்டிய அரிய மண் சரக்கு சீனத் துறைமுகங்களில் நிற்கிறது என்று செய்தி வந்தது. விலை எகிறியது.

சூழல் சட்டம் படித்தவர் இந்தக் கதையில் குழாய்க் கசிவைப் பார்ப்பார். சர்வதேச உறவுகள் படித்தவர் படகு மோதலைப் பார்ப்பார். எந்த நாட்டில் விதி இறுக்கமாக இருந்தது, எங்கே தளர்ந்திருந்தது, மாசின் விலையை யார் உடம்பில் சுமந்தார்கள், அதனால் பிடி யார் கைக்குப் போனது என்று இந்த இரண்டையும் ஒரே கயிறாகத் தொட்டுப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் வேலை. ஆளுகை ஒரு பாடம், புவிசார் அரசியல் இன்னொரு பாடம் என்று பிரித்துப் படித்தால் இரண்டிலும் பாதிதான் புரியும்.

இதற்கு எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

இந்தப் பெயரிலேயே துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு. ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள்: அரசியல் அறிவியல், புவியியல், சட்டம், சமூகவியல், மானிடவியல், சூழல் பொருளாதாரம், வரலாறு. புவியியல் துறைகளில் இருப்பவர்கள் தங்கள் வேலையை அரசியல் சூழலியல் என்பார்கள். அரசியல் அறிவியலில் இருப்பவர்கள் உலகளாவிய சுற்றுச்சூழல் அரசியல் என்பார்கள். பேசும் விஷயம் பாதிக்கு மேல் ஒன்றுதான், ஆனால் ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பது அவ்வளவாக நடப்பதில்லை. புதிதாக வருபவர் இரண்டையும் படித்துவிட்டால் அதுவே பெரிய லாபம்.

எலினார் ஆஸ்ட்ரமைப் பாருங்கள். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்க விரும்பினார். போதிய கணிதம் படிக்கவில்லை என்று அங்கே இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலில் சேர்ந்தார். அவருடைய ஆய்வேடு தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு நிலத்தடி நீர்ப்படுகை பற்றியது: எல்லோரும் போட்டி போட்டு உறிஞ்ச, கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்த படுகை. அதைப் பயன்படுத்தியவர்களே கூடிப் பேசி, வழக்கு போட்டு, விதி வகுத்துக்கொண்ட கதையை அவர் பின்தொடர்ந்தார். பொதுவில் இருப்பதை மனிதர்கள் அழித்தே தீர்வார்கள் என்று 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகமே மேற்கோள் காட்டும் கட்டுரையானது. ஹார்டின் வைத்த மேய்ச்சல் நிலம் கற்பனை. ஆஸ்ட்ரமிடம் இருந்ததோ நிஜமான நீர்ப்படுகைகள், பாசனக் கால்வாய்கள், மீன்பிடித் தளங்கள். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்.

ஆகவே பட்டத்தின் பெயருக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் பட்டத்தின் பெயர் பேசும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்வது?

என்னிடம் கேட்டால், ஒரு பொருளை எடுங்கள். நிக்கல், மணல், பாஸ்பேட், ஒரு ஆறு, ஒரு மீன் இனம், ஏதாவது ஒன்று. அது எங்கே கிடைக்கிறது, யார் எடுக்கிறார்கள், எந்த உரிமத்தின் கீழ், எங்கே சுத்திகரிக்கிறார்கள், எந்தக் கப்பலில் போகிறது, கழிவு எங்கே கொட்டுகிறது என்று ஒரு கிராமம்கூட விடாமல் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கப்புறம் கோட்பாடு தானாக வந்து உட்காரும். ‘காலநிலை மாற்றமும் சர்வதேசப் பாதுகாப்பும்’ மாதிரித் தலைப்போடு வருபவர்கள் முதல் ஆண்டு முழுக்க என்ன கேள்வி கேட்பது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

நிக்கலையே எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியா 2014இல் பதப்படுத்தாத தாதுவை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது, 2017இல் தளர்த்தியது, 2020 ஜனவரியில் நிக்கல் தாதுவுக்கு முழுத் தடையைக் கொண்டுவந்தது. தாது வேண்டுமானால் இங்கே வந்து உருக்கு என்பதுதான் செய்தி. சீன நிறுவனங்கள் அந்நாட்டின் சுலவேசி, ஹல்மஹேரா தீவுகளில் உருக்காலைகளை எழுப்பின. இன்று உலகின் சுரங்க நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்கு போட்டு, 2022 நவம்பரில் தீர்ப்பும் வாங்கியது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீட்டு அமைப்போ, புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா விடாததால் 2019 டிசம்பரிலிருந்து இயங்கவே இல்லை. வழக்கு அந்தரத்தில் தொங்குகிறது.

இதற்குள் எத்தனை ஆய்வேடுகள் இருக்கின்றன பாருங்கள். தன் நாட்டிலேயே தொழில் வளர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அந்த உருக்காலைகளுக்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. சுத்தமான வாகனத்துக்கான உலோகம் அங்கே காட்டை வெட்டியும் கரியை எரித்தும் உருவாகிறது. தீர்ப்பு சொல்லும் அமைப்பு மூன்றாவது நாடு ஒன்றின் அரசியலால் முடங்கிக் கிடக்கிறது. ஒரே உலோகம் இது.

இன்னொரு யோசனை: ஏதாவது ஒன்று சிக்கிக்கொண்டு நிற்கும் இடத்தைத் தேடுங்கள். ஆழ்கடல் சுரங்கம் அப்படிப்பட்ட இடம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியின் கனிமங்கள் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை. அதை நிர்வகிக்க ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சர்வதேசக் கடலடி ஆணையம் இருக்கிறது. 2021 ஜூனில் நவ்ரு என்ற குட்டித் தீவு நாடு, இரண்டு ஆண்டுக்குள் விதிகளை முடியுங்கள் என்ற ஒப்பந்தப் பிரிவை இழுத்துவிட்டது. 2023 ஜூலையில் கெடு முடிந்தது, விதிகள் முடியவில்லை. 2025 ஏப்ரலில், உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா, தன் சொந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி வழங்க நிர்வாக ஆணை பிறப்பித்தது. இதில் நவ்ருவின் பங்கு தனிக் கதை: இருபதாம் நூற்றாண்டு முழுக்க தன் பாஸ்பேட்டை அந்நியர்கள் தோண்டிக் கொண்டுபோய், தீவின் நடுப்பகுதி எதற்கும் ஆகாமல் போன நாடு அது.

தண்ணீருக்காகப் போர் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை ஆராயலாமா?

ஆராயலாம். ஆனால் ‘வரும்’ என்பதை முடிவாக வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். உலகில் 300க்கும் மேற்பட்ட ஆற்றுப் படுகைகள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரன் உல்ஃபும் அவருடைய குழுவினரும் இந்தப் படுகைகளில் நாடுகளுக்கு இடையே நடந்த சம்பவங்களைத் தொகுத்தார்கள். மோதலைவிட ஒத்துழைப்பே அதிகம் என்பதுதான் அவர்கள் கண்டது. இரு நாடுகள் தண்ணீருக்காக மட்டுமே நடத்திய போர் என்று சொல்ல வேண்டுமானால், சுமார் 4500 ஆண்டுக்கு முந்தைய சுமேரிய நகரங்களான லகாஷ், உம்மா வரை போக வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லாம் அமைதி என்றும் ஆகிவிடாது. 1960இன் சிந்து நதி ஒப்பந்தம் மூன்று போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நைலில் எத்தியோப்பியா பெரிய அணையைக் கட்டி முடித்து 2025இல் திறந்துவிட்டது, எகிப்தோடு உடன்பாடு ஏதும் இல்லாமலே. போர் நடக்காமல் இருப்பதும் நீதி கிடைப்பதும் ஒன்றல்ல. மேட்டு நாடு, தாழ்வு நாடு, யாரிடம் நிதி, யாரிடம் நீரோட்டத் தரவு என்று கேட்டுப் போகும் ஆய்வுகள்தான் இப்போது சுவாரஸ்யமானவை. நீரோட்டத் தரவை ரகசியமாக வைத்துக்கொள்வதே ஓர் ஆயுதம்.

பேட்டரிக் கனிமங்கள் மேல் எல்லோரும் பாய்கிறார்கள். இடம் இருக்கிறதா?

லித்தியம், கோபால்ட் இரண்டிலும் கூட்டம்தான். கோபால்ட்டில் சுமார் 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருவதால், அங்குள்ள சுரங்க நகரமான கோல்வேசி பக்கம் ஒரே ஆட்களையே ஆய்வாளர்கள் மாற்றி மாற்றிப் பேட்டி எடுக்கிறார்கள் என்று அங்கே போய் வந்தவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு.

கவனம் குறைவான பொருட்களில் நிறைய இடம் இருக்கிறது. மணலும் சரளையும் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், நீருக்கு அடுத்து மனிதர்கள் அதிகம் எடுக்கும் பொருள் அது. அதற்கென ஒரு சர்வதேச உடன்படிக்கை கிடையாது. பாஸ்பேட் பாறை: உரத்துக்கு மாற்றே இல்லாத பொருள், உலக இருப்பில் மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவின் கணக்கில், அந்தக் கணக்குக்குள்ளேயே மொராக்கோ உரிமை கோரும் மேற்கு சஹாராவின் தகராறு. எண்ணெயை விட்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்பதும் உண்மையில்லை. ஓர் எண்ணெய் வயலை மூடும்போது கிணறுகளை அடைக்கும் செலவு யாருடையது என்ற கேள்விக்கு இன்னும் பல ஆண்டு வேலை இருக்கிறது.

கணிதம், புள்ளியியல், ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தரவு ஆய்வு) எல்லாம் தெரிய வேண்டுமா?

ஒன்றில் கெட்டியாக இருங்கள், மற்றவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கழிவுக் குளம் ஆண்டுதோறும் வளர்வதை அளக்கத் தெரிந்தவருக்கு, அரசு அறிக்கை சொல்லும் எண்ணைக் கேள்வி கேட்கும் தைரியம் வரும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008இலிருந்து இலவசம். புள்ளியியலில் ஒன்று சொல்லியாக வேண்டும். வளம் நிறைந்த நாடுகள் மெதுவாக வளர்கின்றன என்ற ‘வளச் சாபம்’ வாதம் 1990களில் நாடுகளுக்கிடையேயான ஒப்பீட்டுக் கணக்குகளால் பிரபலமானது. பிறகு வந்தவர்கள் அளவுகோலை மாற்றினார்கள்: ஏற்றுமதியில் வளத்தின் பங்கை எடுக்காமல் தலைக்கு எவ்வளவு வளம் என்று எடுத்தபோது, அந்தச் சாபம் பல ஒப்பீடுகளில் வலுவிழந்தது. ஏழை நாட்டில் வேறு தொழில் இல்லாததால்தான் வளத்தின் பங்கு பெரிதாகத் தெரிகிறது என்பது அந்த விமர்சனத்தின் சாரம். கணிதம் செய்யாவிட்டாலும் இப்படி ஒரு அளவுகோலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

பேட்டி எடுப்பதையும் லேசாக நினைக்க வேண்டாம். ஓர் ஓய்வுபெற்ற பேச்சுவார்த்தையாளரை எதிரே உட்காரவைத்து, ஆவணத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லவைப்பது பழகிப் பழகித்தான் வரும்.

தரவு எங்கே கிடைக்கும்? எல்லாம் ரகசியமாக இருக்கிறதே.

ரகசியம் என்று நினைப்பதில் பாதி வெளியே கிடக்கிறது. யாரும் போய்ப் படிப்பதில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் ஒவ்வோர் ஆண்டும் கனிமம் வாரியாக உற்பத்தி, இருப்பு, விலைச் சுருக்கத்தை வெளியிடுகிறது. நாடுகளுக்கிடையேயான வர்த்தகத்தை ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில் சரக்குக் குறியீடு வாரியாகப் பார்க்கலாம். ஒரு நாடு ஏற்றுமதி என்று சொல்லும் எண்ணும், மறு நாடு இறக்குமதி என்று சொல்லும் எண்ணும் பொருந்தாதபோது வேலை ஆரம்பிக்கிறது. கடத்தலோ, விலையைக் குறைத்துக் காட்டுவதோ, வெறும் வகைப்பாட்டுத் தவறோ எதுவாகவும் இருக்கலாம். 2010இன் ஜப்பான் விவகாரத்திலும் இதுதான் நடந்தது. இறக்குமதிக் கணக்கைத் துறைமுகம் வாரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள், செய்திகள் சொன்ன மாதிரி எங்கும் ஒரே சீராகச் சரக்கு நின்றுபோனதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். தடை இருந்ததா, எவ்வளவு இருந்தது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

சுரங்க ஒப்பந்தங்கள் அடுத்து. சுரங்கம், எண்ணெய் வருவாயில் வெளிப்படைத்தன்மைக்கான ஈஐடிஐ என்ற அமைப்பில் சேர்ந்த நாடுகள், 2021 ஜனவரி 1 முதல் போடும் அல்லது திருத்தும் ஒப்பந்தங்களை வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. ஒப்பந்தம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக நிலைப்படுத்தல் பிரிவை. பின்னாளில் அரசு சூழல் சட்டத்தைக் கடுமையாக்கினாலும் நிறுவனத்துக்கு அது பொருந்தாது, அல்லது ஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. ஐம்பது பக்க ஒப்பந்தத்தில் அரை பக்கம்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்த சுரங்கம் நடுவர் மன்ற ஆவணங்கள். எல் சால்வடாரில் தங்கம் எடுக்க அனுமதி கிடைக்காத பசிபிக் ரிம் நிறுவனம், 2009இல் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்தில் வழக்கு போட்டது. 2016 அக்டோபரில் நிறுவனம் தோற்றது. எல் சால்வடாரின் வழக்குச் செலவுக்கு 80 லட்சம் டாலர் கொடுக்கவும் உத்தரவானது. 2017இல் அந்த நாடு உலோகச் சுரங்கத்தையே தடை செய்தது. 2024 டிசம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. இந்த ஏழு ஆண்டு வழக்கின் மனுக்களில் அமைச்சர்கள் பேசியது, நிறுவனத்தின் கடிதங்கள், நீரியல் நிபுணர்களின் சாட்சியம் எல்லாம் இருக்கின்றன. பேட்டி எடுத்து இவ்வளவையும் ஒருவரும் வாங்க முடியாது.

எந்த மொழி கற்க வேண்டும்?

உங்கள் பொருள் பேசும் மொழி. லித்தியம் என்றால் ஸ்பானிஷ், கோபால்ட் என்றால் ஃபிரெஞ்சும் சுவாஹிலியும், நிக்கல் என்றால் இந்தோனேசிய மொழி. சுத்திகரிப்பு பற்றி எழுதுபவர்கள் சீன மொழி தெரியாமல் எழுதுவது இன்னும் நடக்கிறது; நீண்ட நாள் ஓடாது.

காலநிலை மாநாடுகளுக்குப் போவது ஆய்வாகுமா?

ஆகும், கேள்வியோடு போனால். ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஆய்வு நிறுவனங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் பார்வையாளராகப் பதிவு செய்திருந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். உள்ளே போனபின் பெரிய மேடைகளில் ஒன்றும் நடக்காது. ஒரு வரியைச் சுற்றி அடைப்புக்குறி (இன்னும் ஒப்புக்கொள்ளாத சொற்களின் அடையாளம்) போட்டும் எடுத்தும் சண்டை நடக்கும் சிறிய அறைகளில்தான் நடக்கும், அவற்றில் பல பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். போக முடியாதவர்களுக்கு எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் என்ற நாளேடு இருக்கிறது. 1992 முதல் சூழல் பேச்சுவார்த்தைகளை நாள்வாரியாகப் பதிவு செய்கிறது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அந்தத் தொகுப்பே ஒரு காப்பகம்.

காலநிலையை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் மற்ற உடன்படிக்கைகளை மறந்துவிடுகிறார்கள். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தானது. அதில், பாதரசத்தால் தங்கத்தைப் பிரிக்கும் சிறு சுரங்கத் தொழிலாளர்கள் பற்றிய பிரிவு, அரசுக் காகிதமும் ஆற்றங்கரையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்க்க அருமையான இடம்.

கள ஆய்வு ஆபத்தானதா?

இடத்தைப் பொறுத்தது. நீங்கள் யார் என்பதையும் பொறுத்தது. 2016இல் ஹோண்டுராஸில் அணைக்கு எதிராகப் போராடிய பெர்த்தா காசெரெஸ் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உலக அளவில் விருது வாங்கியிருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் விமானம் ஏறிவிடுவார். அவரை அழைத்துப் போன உள்ளூர் உதவியாளரும், பேசிய பெண்ணும் அங்கேயே இருப்பார்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கேட்கும் படிவம் பெரும்பாலும் உங்களையும் நிறுவனத்தையும் காப்பாற்றத்தான் எழுதப்பட்டிருக்கும். அதை நிரப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

நடைமுறையில் சில விஷயங்கள்: பெயர்ப் பட்டியலையும் ஒலிப்பதிவையும் ஒரே கருவியில் வைக்காதீர்கள். பெயரை மாற்றினால் போதாது. ‘அணைத் திட்டத்தின் முன்னாள் பெண் பொறியாளர்’ என்று எழுதினாலே சின்ன ஊரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பேசியவர்களிடம் திரும்பிப் போய், எழுதியதைக் காட்டி, எதை எடுக்க வேண்டும் என்று கேட்பது நல்லது. ஆய்வேட்டின் சிறந்த பத்தியே போய்விடலாம், போகட்டும். உள்ளூர் உதவியாளருக்குச் சம்பளமும், விரும்பினால் கட்டுரையில் பெயரும் கொடுங்கள். இந்தத் துறையில் இது இன்னும் வெட்கப்படும் அளவுக்குக் குறைவாகவே நடக்கிறது.

முனைவர் பட்டத்துக்கு இடமும் நிதியும் எப்படிப் பிடிப்பது?

ஐரோப்பாவில் பல இடங்கள் வேலை மாதிரி அறிவிக்கப்படும்: ஒரு பேராசிரியருக்கு ஒரு திட்ட நிதி கிடைத்து, அதற்குள் மூன்று நான்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு இடம். தலைப்பு முன்பே பாதி முடிவாகியிருக்கும். அமெரிக்காவில் துறைக்கு விண்ணப்பித்து, இரண்டு ஆண்டு பாடம் படித்து, அப்புறம் தலைப்புக்கு வருவது வழக்கம். ஐந்து, ஆறு ஆண்டுகள், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். தலைப்பு உங்களிடம் முன்பே திடமாக இருந்தால் முதல் வழி இறுக்கமாகத் தோன்றும். இல்லையென்றால் அதுவே பாதுகாப்பு.

நெறியாளரைத் தேர்வதில் பெயரைவிட, அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் இருவருக்காவது எழுதிக் கேளுங்கள். பாதியில் விட்டவர் ஒருவர் பேசச் சம்மதித்தால், அவர் சொல்வதைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள்.

அப்புறம் வேலை கிடைக்குமா?

நிரந்தரப் பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது. இதைச் சொல்லாமல் மாணவர்களைச் சேர்ப்பது நியாயமில்லை. பட்டம் முடித்தபின் இரண்டு மூன்று தற்காலிக ஆய்வுப் பணிகள், நாடு விட்டு நாடு மாறுவது, அப்புறம்தான் உதவிப் பேராசிரியர் வாய்ப்பு என்பது சாதாரணமாகிவிட்டது. குடும்பம் இருப்பவர்களுக்கு இது சிரமம், அதை யாரும் ஈடுசெய்வதும் இல்லை.

பட்டத்தின் பெயர் பேசும் இடம் இதுதான். வேலை அறிவிப்பு ‘சர்வதேச உறவுகள்’ என்றோ ‘மனிதப் புவியியல்’ என்றோ வரும். அரசியல் அறிவியல் துறை, முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகப் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்கும். புவியியல் துறை, களப் பயணம் நடத்துவீர்களா என்று கேட்கும். பல்துறை ஆள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் இரண்டு பேருமே அடுத்தவரிடம் அனுப்பிவிடுவார்கள். ஏதாவது ஒரு துறையில் முழு வீட்டுக்காரராக இருந்துகொண்டு, மற்றவற்றில் விருந்தாளியாகப் போய் வாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை முன்பைவிட அதிகம். விநியோகச் சங்கிலி ஆய்வு, கனிமக் கொள்கை, மேம்பாட்டு வங்கிகளின் சூழல் பிரிவு, சர்வதேச எரிசக்தி முகமை போன்ற அமைப்புகள், புலனாய்வு செய்யும் தன்னார்வ நிறுவனங்கள் எல்லாம் இந்தப் படிப்பைத் தேடுகின்றன. அங்கே போவதைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் பேராசிரியர்களிடம்தான் இருக்கிறது.

நிறுவனங்களின் பணத்தை வாங்கலாமா?

சுரங்க நிறுவனமோ அமைச்சகமோ நிதி கொடுக்கும்போது தொகையைவிட ஒப்பந்தத்தின் வெளியீட்டுப் பிரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியிடும் முன் எங்களிடம் காட்டுங்கள் என்பது வேறு, எங்கள் அனுமதி வேண்டும் என்பது வேறு. இரண்டாவது இருந்தால் நான் தொடமாட்டேன். அரசு நிதி சுத்தமானது என்ற எண்ணமும் வேண்டாம். ‘மிக முக்கியக் கனிமங்கள்’ என்று ஓர் அரசு பட்டியல் போட்டதுமே நிதி எல்லாம் அந்தப் பட்டியல் பக்கம் சாய்கிறது, ஆய்வுக் கேள்வி ‘எங்களுக்குச் சரக்கு வந்து சேருமா’ என்று சுருங்கிவிடுகிறது. தோண்டப்படும் ஊருக்கு அந்தக் கேள்வியில் இடமே இருக்காது.

அரசாங்கங்கள் ஆய்வாளர்கள் சொல்வதைக் கேட்கின்றனவா?

சில வாசல்கள் இருக்கின்றன. 1988இல் தொடங்கிய, காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளை எழுதுபவர்களுக்கு அதற்கென ஊதியம் கிடையாது. கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை மட்டும் அரசுப் பிரதிநிதிகள் வரிவரியாக உட்கார்ந்து ஒப்புக்கொள்வார்கள். எந்த வரி அந்த அறையில் காணாமல் போனது என்பதையே ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. தொலைக்காட்சி விவாதங்கள் இன்னொரு வாசல். வரைபடத்தில் அம்புக்குறி போட்டு அடுத்த போரை அறிவிக்கச் சொல்வார்கள். உங்கள் பொருளைத் தாண்டிய கேள்வி வந்தால் அது என் துறை இல்லை என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.

நாற்பது வயதில், வேறு வேலையிலிருந்து வரலாமா?

வரலாம். சுரங்கப் பொறியாளர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், சுங்க அதிகாரி என்று வந்தவர்கள் பலர் நன்றாகச் செய்கிறார்கள். ஒரு கழிவு அணை எப்படிக் கட்டப்படுகிறது, ஏலம் எப்படி நடக்கிறது என்று கையால் தெரிந்தவருக்கு, மற்றவர்கள் இரண்டு ஆண்டு படித்துத் தெரிந்துகொள்வது முன்பே வந்துவிடுகிறது. அவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில்: பதில் சொல்லியே பழகிப்போனதால் கேள்வியைத் திறந்து வைத்திருக்கக் கஷ்டப்படுவார்கள்.

ஒரு சட்ட விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். பழைய நிறுவனத்தில் நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்டபின்னும் சில ஆண்டுகள் செல்லுபடியாகலாம். அங்கே பார்த்த ஆவணத்தை நினைவிலிருந்து எழுதினாலும் சிக்கல்தான். ஆய்வுத் திட்டத்தை எழுதும் முன்பே அதை எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். எந்த நிறுவனத்தைப் பற்றி எழுத முடியாது என்று தெரிந்தபின் களத்தைத் தேர்ந்தால், மூன்றாம் ஆண்டில் ஓர் அத்தியாயத்தைத் தூக்கி எறிய வேண்டிவராது.